பின்னால் வருகிறவன்

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. ஒருமுறை மருந்துக்கடைக்காரர், பெயர் ஒன்று வைத்துக் கழுகோ சிறுத்தையோ அச்சடித்த பனியனை எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். யாரும் மறுக்கவில்லை, யாரும் பணமும் கொடுக்கவில்லை. யோசனை அதோடு போயிற்று. நாமக்கல்லில் நாங்கள் ஏழெட்டுப் பேர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் (வயதில் மூத்தவர், அண்ணன் என்போம்), கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர்கள் இருவர், மருந்துக்கடைக்காரர், அச்சகத்தில் கணிப்பொறியில் பக்கம் அமைக்கும் ஒருவன், வங்கி குமாஸ்தாவான நான். 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை என்றானபின், எங்கள் பயணங்கள் என் உத்தியோகத்தின் பஞ்சாங்கப்படி நடக்கத் தொடங்கின. விடிவதற்குமுன் சேந்தமங்கலம் சாலையில் ஒரு டீக்கடை முன்னால் மோட்டார் சைக்கிள்களோடு கூடுவோம். வந்தவர்கள் வருவார்கள். வராதவனைக் காரணம் கேட்பதில்லை. எங்கே போவது என்பது டீ ஆறுவதற்குள் முடிவாகும். தலைவர் இல்லை, சந்தா இல்லை, விதி இல்லை. விதி இல்லை என்பதில் எங்களுக்கு ஒரு கர்வமே இருந்தது. இங்கு நான் யோசித்துப் பார்க்க விரும்புவது அந்தக் கர்வத்தைத்தான்.

கர்வத்துக்கு என் வரையில் நியாயமான காரணம் உண்டு. வங்கியில் பெட்டக அறையை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு சாவிகள், இரண்டு பேர் கையில். நான் பதிவு செய்வதை இன்னொருவர் ஒப்புக்கொண்டால்தான் கணக்கில் ஏறும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை நம்பிக்கையின் ஸ்தாபனம் என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவனுக்குத் தெரியும், அது நம்பிக்கையின்மையை யாரும் அவமானப்படாத வண்ணம் ஒழுங்கு செய்துவைத்திருக்கும் இடம். எந்த மனிதனையும் நம்ப வேண்டிய நிர்ப்பந்தம் எழாதபடி ஏற்பாடு. அது தேவையான ஏற்பாடுதான், பிறர் பணம். ஆனால் வாரம் முழுக்க இப்படிச் சந்தேகத்தின் இலக்கணத்தில் வேலை செய்கிறவனுக்கு, ரசீது எழுதாத ஓர் உறவு இருக்கிறது என்பதே பெரிய ஆசுவாசம்.

அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரித்தார்: பயன் கருதியது, இன்பம் கருதியது, மற்றவனின் நற்குணத்தை முன்னிட்டது. எங்களுடையது சந்தேகமில்லாமல் இரண்டாவது. வள்ளுவர் நட்புக்கென்று அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கி, அதில் ஒன்றை ஆராய்ந்து நட்புக் கொள்வதற்கே கொடுத்திருக்கிறார். நாங்கள் ஆராய்ந்தது எல்லாம் அவன் என்ன வண்டி வைத்திருக்கிறான் என்பதுதான். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போனதுண்டு, போகாமலும் இருந்ததுண்டு. இப்படிப்பட்ட உறவில் ஒருவனுக்கு இன்னொருவன் என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், ஒன்றுமில்லை என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. விதி என்று யாரும் அதைச் சொல்லவில்லை. அண்ணன் வாலிப வயதில் வடக்கே லாரி ஓட்டியவர். இரண்டு வண்டிகளாகச் சேர்ந்து போகும் பழக்கத்திலிருந்து அவர் கொண்டுவந்தது. சேர்ந்த புதிதில் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார்: ‘பின்னாடி வர்றவன் கண்ணாடியில தெரியணும் தம்பி. தெரியலைன்னா நில்லு.’ அவ்வளவுதான். ஒவ்வொருவனும் தனக்குப் பின்னால் வருகிறவன் ஒருவனை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். கடைசி ஆள் நின்றால் அவனுக்கு முன்னவன் நிற்பான். அவன் நிற்பதைப் பார்த்து அவனுக்கு முன்னவன். ஒரு சங்கிலிபோல, கடைசி ஆளின் சங்கடம் முதல் ஆள்வரை போய்ச் சேர்ந்துவிடும். இதற்குத் தலைவன் தேவையில்லை. எல்லோரும் எல்லோருக்கும் பொறுப்பு என்னும் மேடைப் பேச்சும் தேவையில்லை. எல்லோருக்கும் பொறுப்பு என்பது பெரும்பாலும் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்பதில் போய் முடிகிறது. ஒருவனுக்குப் பின்னால் ஒருவன் என்ற இந்த எளிய ஏற்பாட்டில் அந்த மோசடிக்கு இடமில்லை. நான் படித்த ஒழுக்கவியல் நூல்கள் எதிலும் இத்தனை சிக்கனமான ஓர் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

2019 டிசம்பரில் இரண்டாவது சனிக்கிழமை கொல்லிமலை போனோம். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஏறும்போது எண் கூடும், இறங்கும்போது குறையும். சங்கக் கவிகள் பாடிய கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்பவள் என்பார்கள். எங்களுக்கு அந்த வளைவுகள்தான் பாவை. மேலே சோளக்காட்டில் சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் இறங்கினோம். லேசான தூறல். அண்ணன் முதலில், நான் கடைசிக்கு முந்தி, அச்சகத்துக்காரன் கடைசி. அவனிடம் இருந்தது அவன் அப்பா வாங்கிய பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் இறக்கத்தில் எஞ்சினை வைத்து வேகத்தைப் பிடித்துக்கொள்ளாது. பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அவன் வண்டியில் அப்படி இல்லை. என்னுடையது புல்லட். அதன் கண்ணாடி எஞ்சின் அதிர்வில் நடுங்கிக்கொண்டே இருக்கும்; அதில் தெரிவது ஆளா, மரமா, ஈரச்சாலையின் மினுக்கமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போதாததற்கு, போன வருஷம்தான் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் அதிகமான ஒன்றை மாட்டியிருந்தேன். இந்த விவரங்களையெல்லாம் என் தரப்பு சாட்சிகளாக நிறுத்துகிறேனோ என்ற சந்தேகம் எழுதும்போதே வருகிறது. இருக்கட்டும்.

38ஆவது வளைவில் கண்ணாடியைப் பார்த்தேன். அவன் இல்லை. 37இல் பார்த்தேன். ஏதோ அசைந்தது போலிருந்தது. அதற்குப்பின் பார்க்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கு நேர்மையான பதில், அந்த நேரத்தில் நான் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதுதான். மலையில் இறங்குகிறவனுக்குச் சில நாள் ஒரு லயம் கூடிவரும். வளைவு, நிமிர்வு, மறுபடி வளைவு. உடம்பே யோசிக்கும். நின்றால் அது உடைந்துவிடும். முன்னால் போகிறவர்களும் விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். நின்றால் நான் கடைசி ஆளாகிவிடுவேன். இதில் துர்எண்ணம் எதுவும் இல்லை. ஓர் இன்பத்தை நிறுத்த மனம் வரவில்லை, அவ்வளவே. அரிஸ்டாட்டிலின் இரண்டாவது வகை நட்பு எந்த இடத்தில் முறியும் என்பதை அவர் நூலைவிட அந்த 37ஆவது வளைவு எனக்குத் தெளிவாகக் காட்டியது.

கீழே காரவள்ளி டீக்கடையில் எல்லோரும் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். ‘எங்கப்பா அவன்?’ என்றார் அண்ணன். ‘வர்றான்’ என்றேன்.

இந்தச் சொல்லை இதற்குள் ஆயிரம் தடவை புரட்டிப் பார்த்திருக்கிறேன். நம் மொழியில் ‘வருகிறான்’ என்பது கண்முன் வந்துகொண்டிருப்பவனையும் குறிக்கும். எப்போதோ வரப்போகிறவனையும் குறிக்கும். போகிறேன் என்று சொல்வது அமங்கலம் என்று ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிற ஜனங்கள் நாம். வருகை என்பது நமக்குத் தகவல் மட்டுமல்ல, ஒரு வேண்டுதலும்கூட. நான் சொன்னது எது? பார்த்ததைச் சொன்னேனா, நம்பியதைச் சொன்னேனா, வேண்டிக்கொண்டேனா? மூன்றுமே இல்லை. அண்ணனின் கேள்வியை முடித்துவைத்தேன். சங்கிலியில் என் கண்ணியை நானே அவிழ்த்துவிட்டு, அவிழ்க்கவில்லை என்று சாட்சி சொன்னேன். பார்க்காமல் போனது கவனக்குறைவு என்றால், இந்த ஒற்றைச் சொல் பொய். ஆனால் இலக்கணப்படி யாரும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது.

டீ வந்தது. கோழிப்பண்ணைக்காரர் முட்டை விலையைப் பற்றிப் பேசினார். அண்ணன் பாதி டீயை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். நானும் பின்னால் போனேன்.

47ஆவது வளைவில், சாலையில் சிந்தியிருந்த டீசலில் சறுக்கி விழுந்திருந்தான். இடது கால் வண்டிக்கு அடியில். நாங்கள் போனபோது வாழைத்தார் ஏற்றிய டெம்போ ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநரும் கூட இருந்த பையனும் வண்டியைத் தூக்கிவிட்டு, தார்களுக்கு அண்டை கொடுத்திருந்த இரண்டு பலகைத் துண்டுகளை வைத்துக் காலைத் துண்டால் கட்டியிருந்தார்கள். விழுந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவர்கள் வந்து பத்து நிமிஷம்தான். அந்த டெம்போவிலேயே நாமக்கல்லுக்குக் கொண்டுபோனோம். பெயரைக் கேட்டபோது ஓட்டுநர், ‘அதெல்லாம் எதுக்குங்க, பழம் வெயிட்டிங்ல இருக்குது’ என்று கிளம்பிவிட்டார். விபத்தில் உதவுகிறவர் தன் பெயரைச் சொல்லாமல் போகலாம் என்று 2016இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நின்று உதவுகிற அந்நியனுக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நிற்காமல் போன நண்பனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் கூடாது என்றே நினைக்கிறேன். அது வேறு விவாதம்.

காலுக்குள் கம்பி வைத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது அவன் குற்றம் சாட்டும் குரலில் எதையும் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், நடுவில், ‘கொஞ்ச நேரம் ஹாரன் அடிச்சேன்டா. பழைய பேட்டரியா, குரல் எறங்கிப் போச்சு’ என்றான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் உளவியலில் பெயர் இருக்கிறது. 1968இல் அமெரிக்காவில் டார்லி, லட்டானே என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வேறோர் அறையில் ஒருவனுக்கு வலிப்பு வரும் சத்தம் கேட்கிறது. தான் ஒருவன்தான் அதைக் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதம் பேர், அவன் பேசி முடிப்பதற்குள் எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதம். கூட்டம் பொறுப்பை நீர்க்கச் செய்கிறது என்பது முடிவு. நண்பர்களில் ஆசிரியர் ஒருவர் இதை எனக்கு ஆறுதலாக எடுத்துச் சொன்னார். ஆறுதலாகத்தான் இருந்தது, ஒரு வாரம். பிறகு யோசித்தால், என் விஷயத்துக்கு இது பொருந்தாது. எங்கள் சங்கிலியின் விசேஷமே பொறுப்பைப் பிரிக்காததுதான். அவனைப் பார்க்கக்கூடிய கண்ணாடி உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அது என் வண்டியில் இருந்தது. நான் கூட்டத்தில் ஒருவனாக இருக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை கூட்டமே நான்தான்.

மற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வாரமே காரணங்கள் கிடைக்கத் தொடங்கின. டயர் வழுக்கை, எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். வண்டி பழசு. மழையில் முன்பிரேக்கைப் பிடித்திருப்பான். அவனுக்கு எப்பவும் அவசரம். எல்லாம் உண்மையே. இவற்றைக் கேட்கக் கேட்க எனக்கு மகாபிரஸ்தானிக பர்வம் ஞாபகம் வந்தது. பாண்டவர்கள் வடக்கு நோக்கி நடக்கிறார்கள். திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன். ஒவ்வொரு முறையும் பீமன்தான் கேட்கிறான், இவர் ஏன் விழுந்தார் என்று. தருமன் திரும்பிப் பார்க்காமலே காரணம் சொல்லிக்கொண்டு போகிறான். அவளுக்கு அர்ச்சுனன்மேல் பாரபட்சம், இவனுக்கு அறிவுச் செருக்கு, அவனுக்கு அழகின் கர்வம், இன்னொருவனுக்கு வீரப் பேச்சு. கடைசியில் பீமனே விழுகிறான். அவனுக்குத் தீனிப் பழக்கம். எல்லாக் காரணங்களும் சரிதான். ஆனால் விழுந்தவனிடம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்ற வசதியை அந்த இடம்போல அம்பலப்படுத்தும் இடம் வேறு இலக்கியத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. துறவின் உச்சம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அது ஓர் இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருப்பவனின் குரலாகவே கேட்கிறது.

அதே தருமன், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்கிறான். காலம்காலமாக இதைக் கொண்டாடுகிறோம். அந்த நாய் எங்கும் பின்தங்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. கூடவே வந்து சேர்கிறவனிடம் விசுவாசமாக இருப்பதில் என்ன சிரமம்? ஆனால் வியாசன் அதோடு விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த பர்வத்தில் நரகத்தின் துர்நாற்றம் தாங்காமல் திரும்பப் புறப்படும் தருமனை இருட்டிலிருந்து சில குரல்கள் கூப்பிடுகின்றன, கொஞ்சம் நில், நீ நின்றால் எங்களுக்கு வேதனை குறைகிறது என்று. யார் என்று கேட்கிறான். தம்பிகள், திரௌபதி. அங்கேயே நின்றுவிடுகிறான். மலைப்பாதையில் நிற்காதவன் நரகத்தில் நிற்கிறான். அங்கே அவனுக்குக் குரல் கேட்டது. நான் மாட்டியிருந்த சைலன்சரைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மோட்டார் சைக்கிளை இலக்கியம் பெரும்பாலும் தனியனின் வாகனமாகவே பார்த்திருக்கிறது. 1935இல் டி.ஈ. லாரன்ஸின் உயிரைப் பறித்த விபத்து நேர்ந்தது தனியாக வண்டி ஓட்டிப் போகையில், எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் பையன்கள்மேல் மோதாமலிருக்க ஒடித்தபோது. தாம் கன் 1957 தொகுப்பில் மோட்டார் சைக்கிள் இளைஞர்களைப் பற்றி எழுதிய கவிதையை எங்கள் தலைமுறை ஆங்கில மாணவர்கள் சிலர் தேடிப் படித்தோம். கூட்டமாகப் போகிறவர்களின் கவிதை அது; ஆனால் யார் பின்தங்கினான் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. 1974இல் வந்த பிர்சிக்கின் நூலைத் தத்துவத்துக்காகப் படிப்பார்கள். எனக்கு அதில் தங்கியது வேறு. நாடு குறுக்கே போகும் பயணம் முழுக்க மகன் பின்சீட்டில் இருக்கிறான். தரம் என்றால் என்ன என்று அப்பா நூற்றுக்கணக்கான பக்கங்கள் யோசிக்கிறார். கடைசியில் பையன் கால்மிதியில் எழுந்து நின்று, அப்பாவின் தோளுக்கு மேலாக முதல்தடவையாக முன்னே பார்க்கிறான். அதுவரை அவன் பார்த்ததெல்லாம் அவர் முதுகு. பின்னால் வருகிறவனுக்கு நாம் எப்போதும் முதுகு என்பதை, பின்னால் வராமல் தெரிந்துகொள்ள முடியாது போலும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாம் நின்றுபோனது. மறுபடி கூடியபோது மருந்துக்கடைக்காரர் 14 விதிகள் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். முன்னால் போகிறவர் யார், கடைசியில் வருகிறவர் யார் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்கூட்டியே பெயர். கடைசி ஆளிடம் முதலுதவிப் பெட்டி இருக்கும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. நல்ல விதிகள். ஒன்றைக்கூட ஆட்சேபிக்க முடியாது. ஆனால் நான் கவனித்தது, இப்போது யாரும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. பார்க்கத்தான் ஆள் போட்டாயிற்றே. என் வங்கி சனிக்கிழமையிலும் வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்குப் படுகிறது. விதியில்லாத காலத்தில் ஒருவன் நின்றால் அந்த நிற்பு அவனுடையது. இப்போது அது அட்டவணையுடையது.

இப்படி எழுதிவிட்டு, இந்த ஏக்கத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. விதியில்லாத உறவின் அழகைப் பற்றி அங்கலாய்க்க எல்லோரையும்விட உரிமை குறைந்தவன் நான். அந்த 14 விதிகளும் என்னால் எழுதப்பட்டவை. மருந்துக்கடைக்காரர் தட்டச்சுதான் செய்தார். நல்லவர்களுக்கு விதி வேண்டாம் என்று சொல்கிறவன், விதி இல்லாதபோது தான் என்ன செய்தான் என்று முதலில் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்த ஏக்கம் பொய்யில்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்பது எனக்குப் பிடிபடவில்லை. விதி இருந்திருந்தால் அவன் கால் பிழைத்திருக்கும். விதி இருந்திருந்தால் நான் அவனுக்குச் செய்தது என்ன என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஓர் ஒழுங்கு மீறலாக முடிந்திருக்கும்.

அவன் இப்போது புது வண்டி வைத்திருக்கிறான். லேசாகக் கால் இழுக்கும், படியேறும்போது மட்டும். பழைய சைலன்சரை நான் திரும்ப மாட்டிவிட்டேன். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போன மாதம் மறுபடி கொல்லிமலை. அட்டவணைப்படி அன்று கடைசி ஆளாக வரவேண்டிய ஆசிரியர், பேரன் காதுகுத்து என்று காலையில் வரவில்லை. பதிலுக்கு யாரையும் போட மறந்துவிட்டார்கள். நான் கடைசியில் வந்தேன். எனக்கு முன்னால் அவன். 31ஆவது வளைவில் என் கிளச் கேபிள் அறுந்துவிட்டது. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். கைப்பேசியில் சிக்னல் இல்லை. கீழே போய்க்கொண்டிருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒரு சத்தம் மட்டும் அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது மேலேறி வந்தது.

வண்டியை நிறுத்தி, பெட்டியிலிருந்து பழைய கேபிள் ஒன்றையும் குறடையும் எடுத்துக்கொண்டு வந்து குத்துக்காலிட முடியாமல் சாலையிலேயே உட்கார்ந்தான். நான் விளக்கடித்தேன். வேலை முடியும் வரை இருவரும் பேசவில்லை. கடைசித் திருகை முடுக்கிக்கொண்டே கேட்டான்:

‘ஹாரன் அடிச்சியா?’

‘இல்ல.’

‘அடிச்சிருக்கலாம்ல’ என்றான்.